சாயங்காலமானால் ஆம்ப்ளிஃபயர் ரிலே இழுக்க மறுக்கிறது: கோளாறு கீயிங் லைனிலா, வேறெங்குமா?

லத்தேரி ரேடியோ:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது லத்தேரிப் பக்கம், காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில். ஹாம் ரேடியோவுக்கு என் ரிக் (அனுப்பவும் வாங்கவும் செய்கிற செட்) ஐகாம் ஐசி-718. அதன் பவரைக் கூட்ட அதோடு ஓடுவது ஒற்றை 813 வால்வு போட்ட கிரவுண்டட் கிரிட் ஆம்ப்ளிஃபயர். ஆற்காட்டில் ஒரு மூத்த ஓ.எம். (ஹாம் நண்பர்) சொந்தமாகக் கட்டியது, வயதாகி ஏரியல்களை இறக்கியபோது என்னிடம் கொடுத்தார். வயரிங்கைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தமான வேலை. இதை மூலையில் போட்டு வைக்க எனக்கு மனசே வரவில்லை.

பிரச்சினை இதுதான். காலையில் 40 மீட்டர் பேண்டில் பிடிடி (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தினால் 'டக்' என்று ரிலே (காயிலால் இழுபடும் சுவிட்ச்) இழுக்கும், பேசப் பேச பிளேட் கரண்ட் மீட்டர் ஒழுங்காக ஏறி இறங்கும், ஒரு குறையும் கிடையாது. அதே செட்டப்பில் எதையும் தொடாமல் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் அழுத்தினால் உள்ளே 'கிர்ர்' என்று ஒரு உறுமல், ரிலே பாதி இழுத்தும் இழுக்காமலும் நடுங்குகிறது, ரிக்கில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஏரியல் பக்கமிருந்து பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) மேலே போய் பவர் தானாகவே இறங்கிவிடுகிறது. சில நாள் முதலில் பிடித்துவிட்டு, பேச்சின் நடுவில் விட்டுவிடும். எதிர் முனையில் இருப்பவர்கள் "திடீரென்று காணாமல் போய்விட்டீர்கள்" என்கிறார்கள்.

ரிலேயை இழுக்கச் சொல்லும் கீயிங் கேபிள் ரிக்கின் 13 பின் ஏசிசி (துணைக் கருவி) சாக்கெட்டில் மூன்றாம் பின்னிலிருந்து (செண்ட்) ஆம்ப்ளிஃபயரின் ஆர்சிஏ ஜாக்குக்குப் போகிறது. புது கேபிள் போட்டுப் பார்த்தேன், இரண்டு முனையும் மறுபடி சால்டர் வைத்தேன், ஃபெரைட் மாட்டினேன், மாற்றமில்லை. ஆம்ப்ளிஃபயருக்குள் கீயிங்குக்கு ஒரு சின்ன போர்டு இருக்கிறது, அதில் இரண்டு டிரான்சிஸ்டர், பிசி 557 ஒன்று, டிஐபி 122 ஒன்று. அதற்கான 12 வோல்ட் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், ஒரு கண்டென்சர், அவ்வளவுதான், ரெகுலேட்டர் கிடையாது. ரிலே மூன்று ஜோடி காண்டாக்ட் உள்ள திறந்த வகை: இன்புட், ஏரியல், பயாஸ் (வால்வை ஓடவோ நிற்கவோ வைக்கும் வோல்டேஜ்).

ஒருவர் ஆர்.எஃப். (ரேடியோ அலைச் சக்தி) கீயிங் லைனுக்குள் நுழைகிறது என்கிறார், இன்னொருவர் 718-இல் செண்ட் டிரான்சிஸ்டர் போய்க்கொண்டிருக்கிறது, ரிக்கைத் திற என்கிறார். திறப்பதற்கு முன்னால் இங்கே கேட்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்க?

பாலாற்றங்கரை:

ரிக்கைத் திறக்கவே வேண்டாம், அது கடைசி வேலை. முதலில் கோளாறு கேபிளுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. 813-க்கு பிளேட்டில் இரண்டாயிரம் வோல்ட் பக்கம் இருக்கும். மூடியைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கி, ப்ளீடர் (கண்டென்சரைக் காலி செய்யும் ரெசிஸ்டர்) வேலை செய்யும் என்று நம்பி உட்காராமல், சேஸியோடு கட்டிய ஒயர் உள்ள காப்பிட்ட குச்சியால் ஹெச்.டி. (உயர் வோல்டேஜ்) கண்டென்சரைத் தொட்டு டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஹெச்.டி. டிரான்ஸ்பார்மரின் பிரைமரி ஃப்யூஸையும் கழற்றி மேஜை மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிடுங்கள். அதன்பிறகு பிளக் மாட்டினால் ஃபிலமென்டும் கீயிங் போர்டும் மட்டும் உயிரோடு இருக்கும். ஆனால் உள்ளே 230 வோல்ட் முனைகள் அப்போதும் இருக்கும், மறக்க வேண்டாம். மல்டிமீட்டர் கிளிப்பை பிளக் போடுவதற்கு முன்னாலேயே மாட்டி, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இப்போது சோதனை. காலையில் வேண்டாம், கோளாறு வருகிற சாயங்கால நேரத்தில்தான் செய்ய வேண்டும். ரிக்கிலிருந்து வரும் கேபிளை ஆம்ப்ளிஃபயரிலிருந்து உருவிவிட்டு, ஆர்சிஏ ஜாக்கின் நடுப்பின்னையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு ஒயரால் ஷார்ட் செய்யுங்கள். உங்கள் போர்டில் இருப்பது 12 வோல்ட்தான் என்பதால் இப்படிச் செய்யலாம். ரிலே 'டக்' என்று பிடித்தால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் சுத்தம், ரிக்கையும் கேபிளையும் சந்தேகப்படலாம். அப்போதும் 'கிர்ர்' என்றால் 718-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர்.எஃப். சந்தேகமும் இதிலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் ரிக் இணைப்பிலேயே இல்லை, ஆர்.எஃப். எங்கிருந்து வரும்?

அடுத்து, ரிலே காயிலின் இரண்டு முனைக்கு நடுவே டிசி வோல்டேஜ் எவ்வளவு என்று ஷார்ட் செய்திருக்கும்போது அளங்கள், காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. கூடவே அந்தந்த நேரத்தில் சுவர் பிளக்கில் மெயின்ஸ் எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அளவு வந்தபின் சொல்கிறேன்.

ஆம்பூர் சிடபிள்யூ:

பாலாற்றங்கரை அண்ணன் சொன்னதோடு ரிக் பக்கத்துக்கும் ஒன்று. ஐகாம் ஏசிசி சாக்கெட்டில் செண்ட் பின் ஒருவழிப் பாதை இல்லை. டிரான்ஸ்மிட் செய்யும்போது அது கிரவுண்டுக்கு இறங்கும், வெளியிலிருந்து யாராவது அதை கிரவுண்ட் செய்தாலும் ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடும். ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஈரத்தாலோ கருகிய போர்டாலோ கசிவு இருந்தால் ரிக் தன்னால் டிரான்ஸ்மிட் ஆகும், நாம் பிடிடி ஒட்டிக்கொண்டது என்று மைக்கைக் கழற்றிக்கொண்டிருப்போம். உங்களுக்கு அந்த அறிகுறி இல்லை, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செண்ட் டிரான்சிஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை நம்பாதீர்கள். டிரான்சிஸ்டர் முழுதாக ஆன் ஆகியும் மீட்டர் பீப் அடிக்காமல் ஏமாற்றும். அதே ஏசிசி சாக்கெட்டில் முதல் பின்னில் 8 வோல்ட் வருகிறது, 10 மில்லியாம்பியருக்குள் எடுக்கலாம். அதிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு எல்இடி, எல்இடியின் மைனஸ் கால் மூன்றாம் பின்னுக்கு. பிடிடி அழுத்தினால் எல்இடி எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். எஸ்.எஸ்.பி.யில் (குரல் மோடில்) பேசாமல் அழுத்தினால் பவர் வெளியே போகாது, நிதானமாகப் பார்க்கலாம். சாயங்காலமும் எல்இடி பளிச்சென்று எரிந்தால் உங்கள் 718 மேல் பழி போடாதீர்கள்.

என் பந்தயம் பில்டர் கண்டென்சர் மேல். வால்வு பக்கத்தில் பல வருஷம் வெந்த எலக்ட்ரோலிட்டிக் காய்ந்துபோயிருக்கும். 'கிர்ர்' என்பது 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளின் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தின்) சத்தம், காயிலுக்குப் போகிற டிசி வழவழப்பாக இருந்தால் ரிலே ஒன்று இழுக்கும் அல்லது சும்மா இருக்கும், உறுமாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 160 மில்லியாம்பியர் இழுக்கிற ரிலேக்கு 470 மைக்ரோ ஃபாரட் என்றால் ரிப்பிள் மட்டுமே மூன்று வோல்ட்டுக்கு மேல் வரும்.

லத்தேரி ரேடியோ:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே செய்தேன்.

எல்இடி சோதனையில் ரிக் பாஸ், காலையிலும் சாயங்காலமும் ஒரே மாதிரி எரிகிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டு ஜாக்கை ஷார்ட் செய்தபோது சாயங்காலம் அதே 'கிர்ர்'. ஆகவே கோளாறு ஆம்ப்ளிஃபயர் பக்கம்தான், சந்தேகமில்லை.

அளவுகள்: காலையில் மெயின்ஸ் 229, காயிலில் 11.8 வோல்ட். சாயங்காலம் மெயின்ஸ் 178, காயிலில் 8.6. எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் லைனில் கடைசி, ஏழு மணிக்கு மேல் டியூப்லைட் கூடச் சில நாள் கண் சிமிட்டும், ஃபேன் தாத்தா மாதிரி சுற்றும்.

ஆம்பூர் நண்பர் சொன்ன கண்டென்சர் உண்மையிலேயே 470 தான், தலை லேசாக உப்பியிருந்தது. புதிதாக 2200 மைக்ரோ ஃபாரட் 35 வோல்ட் போட்டேன். உறுமல் போய்விட்டது, காயிலில் 9.1 வந்தது. ஆனால் இப்போது சாயங்காலம் சத்தமே இல்லாமல் ரிலே சும்மா இருக்கிறது! ரிலே மேல் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. 12 வோல்ட் ரிலே 9 வோல்ட்டிலேயே இழுக்கும் என்று படித்திருக்கிறேன், பிறகு ஏன் 9.1-இல் இழுக்கவில்லை? இன்னொன்று, பவர் போட்டு ஐந்து நிமிஷத்துக்குள் சாயங்காலம் சோதித்தால் இழுக்கிறது, ஒரு மணி நேரம் ஓடிய பின் இழுப்பதில்லை.

வாலாஜா பெஞ்ச்:

உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் விடை இருக்கிறது. ரிலே இழுப்பது வோல்டேஜால் இல்லை, காயிலில் ஓடும் கரண்டால். ரிலே தயாரிப்பாளர் "75 சதவீதத்தில் இழுக்கும்" என்று போடுவது 20, 25 டிகிரி அறை வெப்பத்தில் எடுத்த அளவு. காயில் என்பது செப்புக் கம்பி, செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.39 சதவீதம் ஏறும். நம் ஊர் வெயில் எல்லோருக்கும் தெரியும், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், ராத்திரியிலும் சுவர் சூடு இறங்காது. அதன்மேல் 813-இன் ஃபிலமென்ட் மட்டுமே 10 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 50 வாட் சூடு, ரிலேயின் பக்கத்திலேயே. நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் அந்த 50 வாட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். காலையில் பவர் போடுவதற்கு முன் காயிலின் ரெசிஸ்டன்ஸை அளங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கி, டிஸ்சார்ஜ் செய்து, சூடு ஆறுவதற்குள் மறுபடி அளங்கள். இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.

அதோடு டிஐபி 122-ஐயும் கவனியுங்கள். அது டார்லிங்டன் (இரண்டு டிரான்சிஸ்டர் ஒன்றாகச் சேர்ந்தது), முழுதாக ஆன் ஆனாலும் தன்மேல் முக்கால் வோல்ட், சில சமயம் அதற்கு மேலும் வைத்துக்கொள்ளும். 12 வோல்ட் நிறைந்திருக்கும்போது அது ஒரு பொருட்டில்லை, 9.5 வோல்ட்டில் தத்தளிக்கும்போது அதுவும் ஒரு சுமை.

லத்தேரி ரேடியோ:

காலையில் 75 ஓம், சாயங்காலம் சூட்டில் 86 ஓம்! டிஐபி 122 மேல் 0.8 வோல்ட் நிற்கிறது.

வாலாஜா பெஞ்ச்:

அப்படியென்றால் கணக்கு சரியாக உட்காருகிறது. 75-லிருந்து 86 என்றால் காயில் காலையைவிட 37, 38 டிகிரி கூடுதலாகச் சுட்டிருக்கிறது. குளிர்ந்த காயில் 9 வோல்ட்டில் இழுக்கும் என்று வைத்தால் தேவையான கரண்ட் 120 மில்லியாம்பியர். அதே 120-ஐ 86 ஓமில் ஓட்ட 10.3 வோல்ட் வேண்டும். உங்களிடம் இருப்பது 9.1. டிரான்சிஸ்டரை மாற்றி அந்த 0.8-ஐ மிச்சம் பிடித்தாலும் 9.9 தான், அப்போதும் எட்டாது. பேச்சின் நடுவில் விட்டுவிட்டதற்குக் காரணம் பழைய கண்டென்சர்: ரிப்பிளின் அடிப்பள்ளத்தில் பிடிப்புக் கரண்டும் போய்விடும். சாதாரணமாக ஒருமுறை இழுத்த ரிலே பாதி வோல்டேஜிலும் விடாமல் பிடித்திருக்கும்.

இதை அப்படியே விட்டால் ரிலே மட்டும் கெட்டுப்போகாது என்பதுதான் எனக்குக் கவலை. மூன்று காண்டாக்டும் ஒரே நேரத்தில் மூடுவதில்லை. பலவீனமாக இழுக்கும்போது பயாஸும் இன்புட்டும் மூடி, ஏரியல் காண்டாக்ட் மட்டும் திறந்து நின்றால் 813 லோடு இல்லாமல் டிரைவ் வாங்கும், டேங்க் சர்க்யூட்டில் வோல்டேஜ் எகிறி பேண்ட் சுவிட்சிலோ டியூனிங் கண்டென்சரிலோ ஆர்க் அடிக்கும். ஏரியல் காண்டாக்டைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், கறுப்பாகக் குழி விழுந்திருந்தால் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேல் பூச்சு போய்விடும், ஐசோ புரொப்பைல் ஆல்கஹால் நனைத்த விசிட்டிங் கார்டு துண்டை நடுவில் வைத்து இழுத்தால் போதும்.

பாலாற்றங்கரை:

நான் சந்தேகப்பட்டது லோ வோல்டேஜ். சூட்டுக் கணக்கை வாலாஜா சார் போட்டுக் காட்டியது அருமை, இனி எந்தக் கோடைக்கால ரிலே கோளாறிலும் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரி, வழி என்ன? என் யோசனை, ரிலேக்கான சப்ளையை அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மரிடமிருந்து பிடுங்கி, ரிக்கை ஓட்டுகிற 13.8 வோல்ட் பவர் சப்ளைக்கு மாற்றுங்கள். ரிக் சாயங்காலமும் நன்றாக ஓடுகிறது என்றால் அந்த சப்ளை 178 வோல்ட்டிலும் 13.8-ஐ விடாமல் பிடிக்கிறது என்று அர்த்தம், ஆனாலும் மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அரை ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று வழியில். டிஐபி 122 எடுத்துக்கொண்டது போகக் காயிலுக்கு 13 வோல்ட், 12 வோல்ட் ரிலே தாராளமாகத் தாங்கும், 86 ஓம் காயிலிலும் 150 மில்லியாம்பியர் ஓடும். டிரான்சிஸ்டரை மாற்றக்கூட வேண்டியதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இப்போது ஆம்ப்ளிஃபயரை அணைத்தால் ரிலே சப்ளையும் சேர்ந்து அணைகிறது, ரிக் நேராக ஏரியலுக்குப் போகிறது. 13.8-க்கு மாற்றினால் ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்கும்போதும் பிடிடி அழுத்தினால் ரிலே இழுக்கும், ரிக்கின் நூறு வாட் குளிர்ந்த வால்வின் கேத்தோடில் போய் முட்டும். அதனால் அந்த 13.8 ஒயரை ஆம்ப்ளிஃபயரின் மெயின்ஸோடு இழுக்கிற ஒரு சின்ன 230 வோல்ட் ரிலேயின் காண்டாக்ட் வழியாகக் கொண்டுபோங்கள். பெட்டியில் 'ஆபரேட்/ஸ்டாண்ட்பை' சுவிட்ச் இருந்தால் அதையும் தொடராகப் போடுங்கள்.

காயிலின் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கிறதா பாருங்கள், வெள்ளி வளையம் உள்ள கால் பிளஸ் பக்கம். இல்லையென்றால் ரிலே விடும்போது வருகிற எதிர் வோல்டேஜ் என்றாவது ஒருநாள் டிஐபி 122-ஐ ஷார்ட்டாக்கிவிடும், அப்புறம் ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்மிட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ரிலே பிடித்துவிட்டது என்பதற்காக 178 வோல்ட்டில் ஆம்ப்ளிஃபயரை ஓட்டவும் வேண்டாம். 813-இன் ஃபிலமென்ட் தோரியம் கலந்த டங்ஸ்டன், 10 வோல்ட்டிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. மெயின்ஸ் 178 என்றால் ஃபிலமென்ட் 7.7 பக்கம் நிற்கும், அந்த நிலையில் கரண்ட் இழுத்தால் எமிஷன் (ஃபிலமென்ட் எலக்ட்ரான் விடும் திறன்) போய் வால்வு சீக்கிரம் செத்துவிடும். இன்று நல்ல 813 தேடினால் சென்னை ரிச்சி தெருவில் கூட அலைய வேண்டியிருக்கும். நல்ல ஸ்டெபிலைசர் வாங்குங்கள், ஃபிரிட்ஜுக்குப் போடுகிற சின்னது பத்தாது, 2 கேவிஏ பார்த்து எடுங்கள்.

லத்தேரி ரேடியோ:

13.8-க்கு மாற்றிவிட்டேன். சப்ளை சாயங்காலமும் 13.7-க்குக் கீழே இறங்கவில்லை. மெயின்ஸோடு இழுக்கிற சின்ன ரிலேயும் போட்டாகிவிட்டது, ஆம்ப்ளிஃபயரை அணைத்துப் பிடிடி அழுத்தினால் பெரிய ரிலே அசையவில்லை. நேற்று ஹெச்.டி. இல்லாமல் இரண்டு மணி நேரம் சூடாக்கி, மெயின்ஸ் 180-இல் இருக்கும்போது சோதித்தேன், ஒவ்வொரு முறையும் 'டக்'. டயோடு ஏற்கெனவே இருந்தது, அந்த மூத்தவர் எதையும் விடவில்லை. அவர் கட்டிய காலத்தில் ஆற்காட்டில் அவருக்கு லைன் நன்றாக இருந்திருக்கும். ஏரியல் காண்டாக்டில் லேசான கறுப்பு மட்டும், ஆல்கஹாலில் போய்விட்டது. ஸ்டெபிலைசர் வரும்வரை சாயங்காலம் ரிக் மட்டும்தான்.

ஆம்பூர் நண்பருக்கு ஒரு கேள்வி, சிடபிள்யூவில் (மோர்ஸில்) முதல் டிட் (புள்ளி) வெட்டுப்படுகிற மாதிரி தெரிகிறது, அது இதனாலா?

ஆம்பூர் சிடபிள்யூ:

திறந்த வகைப் பெரிய ரிலே முழுதாக மூட 15, 20 மில்லிசெகண்ட் எடுக்கும், ரிக்கின் ஆர்.எஃப். அதற்கு முன்னாலேயே வந்துவிட்டால் முதல் டிட் பாதி காற்றில் போகும், காண்டாக்டும் ஆர்.எஃப். ஓடும்போதே மூடும். ஐசி-7300 மாதிரி ரிக்குகளில் டிஎக்ஸ் (டிரான்ஸ்மிட்) டிலே என்று, ஆர்.எஃப். வருவதைத் தாமதப்படுத்த, மெனுவிலேயே 10 முதல் 30 மில்லிசெகண்ட் வரை வைக்கலாம். 718-இல் ஃபுல் பிரேக்-இன்னை (ஒவ்வொரு டிட்டுக்கும் நடுவே ரிசீவுக்குத் திரும்புவதை) தொடவே வேண்டாம், செமியில் வைத்து டிலேயைக் கூட்டுங்கள், எழுத்துக்கு எழுத்து ரிலே விழாமல் ஒரு ஓவர் முழுக்கப் பிடித்திருக்கும். எஸ்.எஸ்.பி.யில் பிடிடி அழுத்தி ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள்.

திருப்பத்தூர் பேண்ட்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் யேசு எஃப்டி-891, பழைய ஹீத்கிட் எஸ்பி-220 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மேலே சொன்ன மாதிரி ஜாக்கை ஒயரால் ஷார்ட் செய்து பார்க்கலாமா? ரிக்கின் டிஎக்ஸ் கிரவுண்ட் பின்னை நேராக அதில் கொடுக்கலாமா?

வாலாஜா பெஞ்ச்:

நேராகக் கொடுக்காதீர்கள்! எஸ்பி-220-இன் ரிலே ஜாக்கில் திறந்த நிலையில் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும், எஸ்பி-200 என்றால் அதுவும் மைனஸில். ரிக்கின் டிரான்சிஸ்டர் முதல் அழுத்திலேயே போய்விடும், விரல் பட்டால் உங்களுக்கும் நல்ல அடி விழும். மற்றவர்கள் மாற்றியமைத்த பெட்டிகளும் சுற்றுகின்றன, அதனால் எந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் வந்தாலும் ஜாக்கில் முதலில் மல்டிமீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து அளந்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

நடுவில் ஒரு சின்ன 12 வோல்ட் ரிலே போடுங்கள், 400 ஓம் காயில், 35 மில்லியாம்பியர் பக்கம்தான் இழுக்கும். காயிலின் ஒரு முனை 13.8-க்கு, மறுமுனை டிஎக்ஸ் கிரவுண்ட் பின்னுக்கு, குறுக்கே 1என்4007. அதன் காண்டாக்ட் இரண்டும் ஆம்ப்ளிஃபயர் ஜாக்கின் நடுப்பின்னுக்கும் சேஸிக்கும். 891-இல் அந்தப் பின் டியூனர்/லீனியர் சாக்கெட்டில் இருக்கிறது. மெனுவில் அந்த போர்ட்டை லீனியர் ஆம்ப்ளிஃபயருக்கு என்று மாற்றிவிட்டு, எல்இடி வைத்துப் பின் இறங்குகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதன்பிறகு கேபிளை மாட்டுங்கள். 73 (வாழ்த்துகள்).